கப்பல் வராத வாரத்தில் பூண்டு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தூத்துக்குடியில் உப்பு அள்ளி, மதராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, எங்கும் கால் தரிக்காமல் போர்ட் பிளேருக்குக் கப்பலேறினேன். டிரங்குப் பெட்டியில் பொதுவுடைமைப் பொருளாதாரம் பற்றிய மலிவு விலைப் புத்தகங்கள் இரண்டு இருந்தன. ஒரு பொருளின் மதிப்பு அதில் சேர்ந்த உழைப்புதான் என்று அவை சொல்லின. மூட்டை தூக்குகிறவனுக்கு அது விளங்காமல் போகுமா?

அங்கே கப்பல் அணையும் ஜெட்டியில் மூட்டை இறக்கும் கூலிகள் நாங்கள் சங்கமாகச் சேர்ந்து அபர்டீன் பஜாரில் ஒரு கூட்டுறவுக் கடை போட்டோம். கடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மதராஸ் கொள்முதல் விலை, கப்பல் கூலி, எங்கள் தூக்குக் கூலி. அதற்குமேல் ஒரு பைசா கிடையாது. எதிர்க்கடை பாய், கப்பல் தாமதமானால் விலையை ஏற்றுவார். கொள்ளைக்காரர் என்போம்.

ஒரு மழைக்காலத்தில் கப்பல் பழுதாகி மதராசிலேயே நின்றுவிட்டது. செய்தி வந்த காலையில் எங்கள் கடையில் நெரிசல். மதியத்துக்குள் வெங்காயம், பூண்டு, பருப்பு எல்லாம் காலி. வாங்கிக் குவித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சங்கத்தார்.

அந்த வாரம் என் கூட்டாளி ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. பத்தியத்துக்குப் பூண்டு கேட்டு வந்தவன் வெறுங்கூடையைப் பார்த்தான்.

“அண்ணே, மால் எல்லாம் கதமா? ஒண்ணுமே மிச்சமில்லையா?”

“கப்பல் வரட்டும்ப்பா.”

“புள்ளைக்குக் கப்பல் தெரியுமாண்ணே?”

அவனைக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

“வாங்க தோழர்! உங்க சங்க விலைக்குன்னா ஒரு பல்லுகூடக் கிடையாது” என்று சிரித்தார் பாய். மூன்று மடங்கு விலை சொன்னார். “அதுவும் புள்ள பெத்த வீட்டுக்குன்னுதான் தர்றேன். குழம்புக்குக் கேட்ட ஆபீசர் வீட்டு ஆளையே திருப்பி அனுப்பிட்டேன்.”

கூட்டாளி பேரம் பேசாமல் வாங்கினான். வெளியே வந்ததும், “நம்ம விலை நல்ல விலைதாண்ணே. பூண்டுதான் இல்ல” என்றான்.

புத்தகங்களைத் திரும்பப் புரட்டினேன். தொழிற்சாலை இருந்தது, வயல் இருந்தது. சாப்பாட்டுச் சாமானுக்குக் கடலைப் பார்த்து நிற்கும் ஊர் இல்லை.

சங்கக் கூட்டத்தில், கப்பல் தாமதமானால் வீட்டுக்கு இவ்வளவுதான், பிரசவத்துக்கும் நோய்க்கும் ஒரு பங்கு தனியாக வைக்க வேண்டும் என்றேன்.

“ஜஹாஜ் வந்தா மூட்டைய அதுலேர்ந்து எறக்குனது என் தோளு. எனக்கு எவ்வளவு வேணும்னு சொல்ல நீ யாருய்யா?” என்று ஒருவர் எகிறினார். கூச்சலுக்கு நடுவே கைகளைத் தூக்கச் சொல்லி, எப்படியோ நிறைவேற்றினோம்.

அடுத்த தாமதத்தில் பூண்டு தீரவில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நோய் என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. கூசாமல் பொய் சொன்னார்கள். தோழர் என்றவர்கள் என்னைப் போலீஸ்காரனாக்கி, “தரோகா சாப்” என்று சலாம் வைத்தார்கள். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் என்னால் உட்கார முடியவில்லை. கார் நிக்கோபார் தீவில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பெயர் கொடுத்தேன்.

கடைச் சாவியைக் குழந்தையின் தகப்பனிடம் கொடுத்தேன்.

“நான் யாரையும் எதுக்கு, யாருக்குன்னு கேக்கமாட்டேண்ணே” என்றான்.

“பூண்டுக்கு மட்டும் கேளு” என்றேன்.