பழுக்க வேண்டாம் என்று ஒரு ஜெபம்

தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஞானசிகாமணி தினமும் காலையில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சீமைத் தக்காளிகளுக்கு முன்னால் முழங்கால்படியிட்டு, "பழுக்க வேண்டாம்" என்று ஜெபிக்கிறார். 1912-ல் பாளையங்கோட்டை முழுக்க இதே பேச்சு.

விசாரித்துப் பார்த்ததில், பாதி பொய். மூட்டுவலிக்காரர், முழங்கால்படியிடவில்லை, சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்தார். மற்றதெல்லாம் மெய்.

இத்தனைக்கும் காரியங்களை ஆறப்போடுவதில் அவரை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. மூன்று நாளில் முடிகிற நகலை மூன்று மாதம் எழுதுவார். கல்யாணத்தையே முப்பத்தாறு வயது வரை தள்ளிப்போட்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷனை அவசரப்படுத்தியவை இருபத்தொரு தக்காளிகள்.

அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலனைக் கோயிலில் படைத்து, பிறகு ஏலம் விடுவது வழக்கம். படைக்கப்போவதை முன்னதாகச் சொல்வது தற்பெருமை என்று அந்தத் தெருவில் புருஷன் பெண்டாட்டிக்குள்ளேகூட மூச்சு விடமாட்டார்கள். ஞானசிகாமணிதான் வாயை விட்டார். வருஷந்தோறும் பூசணிக்காய் படைக்கும் பக்கத்து வீட்டுத் தானியேலிடம், "இந்த வருஷம் பாரும் வே, பீடத்துல செக்கச்செவேல்னு சீமைத் தக்காளி!" என்றார்.

"செவக்கலைன்னா?"

"உம்ம பூசணியத் தலையில தூக்கிக்கிட்டுக் கச்சேரி வாசல் வழியா நடக்கேன். பதினோரு மணிக்கு. எல்லாரும் பாக்க."

மிஷன் துரைசாணி கொடுத்த விதை. அதற்குப் பஞ்சாங்கம் தெரியுமா? பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே காய்கள் முற்றி வெளிறத் தொடங்கிவிட்டன. செடியில் விட்டால் பண்டிகைக்கு முன்பே பழுத்து அழுகிவிடும். பறித்து, ஒன்றையொன்று தொடாமல், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் தாங்கும் என்றாள் துரைசாணி. ஆற்று மணலைப் பரப்பி, உள்ளறையில் பிள்ளைகளைப் போலப் படுக்கவைத்து, சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்.

பதினொன்றாம் நாள் ஐந்து சிவந்தன. பதினைந்தாம் நாள் இன்னும் ஒன்பது. மனைவி சாரம்மாள் பதினான்கையும் ரசத்தில் கரைத்தாள்.

"தானியேல் கண்ணு பட்டுட்டு" என்றார் ஞானசிகாமணி, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே.

அந்தச் சமயம் வாசலில் வந்து நின்றார் வாழைத்தார் வியாபாரி பரமசிவன். மூக்கைத் தூக்கினார். "அண்ணாச்சி, உள்ள தார் கனிய ஆரம்பிச்சிருக்கே, எடுக்கலியா?"

"தாரா? எந்தத் தாரு?"

சாரம்மாள் முகம் வெளிறிய தக்காளி போல ஆனது. நெல் போடும் குலுக்கைக்குள் வைக்கோல் சுற்றி ஒரு தார் ஒளித்து வைத்திருந்தாள். அவளுடைய ரகசியக் காணிக்கை. அதே உள்ளறை.

"பழுக்கிற பழம் பக்கத்துல கெடந்தா காயி சும்மா இருக்குமா? அதையும் இழுத்துட்டுப் போயிரும்லா!" என்றார் பரமசிவன்.

"நானும் அங்கனதான் ஜெபம் பண்ணுனேன். சீக்கிரம் பழுக்கணும்னு" என்றாள் சாரம்மாள்.

"அடிப்பாவி! நான் வேண்டாம்னு கேக்கேன், நீ வேணும்னு கேக்க. ஆண்டவர் யாரு பேச்சைக் கேப்பாரு?"

"வேலை சீக்கிரம் முடியிறதைத்தான் கேட்டிருப்பாரு. அவரென்ன கச்சேரியிலயா இருக்காரு?"

மிச்சம் ஏழு. அவற்றை ஓலைப்பெட்டியில் வைத்துக் கிணற்றுக்குள், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டார். அங்கே நல்ல குளிர்ச்சி. தக்காளிகள் சொன்ன சொல் கேட்டன. ரொம்பவே கேட்டன. பண்டிகை ஞாயிறன்று, கட்டின கயிறு கட்டினபடி தூக்கிப் பார்த்தால் ஏழும் பச்சைப்பசேல்!

பீடத்தில் சாரம்மாளின் தார் பொன்னாக மின்னியது. பக்கத்தில் ஏழு பச்சை உருண்டைகள். "இது என்ன ஜாதிக் கத்தரிக்காய்?" என்று கேட்டவர்கள் உண்டே தவிர ஏலம் கேட்டவர் இல்லை. கடைசியில் தானியேல் குறும்புக்காக அவற்றையும் எடுத்தார், தாரையும் எடுத்தார். தன் பூசணியையும் தானே எடுத்துக்கொண்டார். பந்தயப் பொருளை வேறு யாராவது கூட்டு வைத்துவிட்டால்?

தாரோடு கிடந்த தக்காளிகள் புதன்கிழமை தானியேல் வீட்டில் செக்கச்செவேலென்று சிவந்தன.

"பாத்தீரா வே, செவந்துட்டு!" என்று வேலிக்கு இந்தப்பக்கம் நின்று குதித்தார் ஞானசிகாமணி.

"பீடத்துல செவக்கலியே. பூசணி காத்துக்கிட்டிருக்கு, வாரும்."

"மூட்டுவலி கொஞ்சம் கொறையட்டும். தூக்கிருதேன்."

அது ஆகி ஐந்து மாதம். மனுஷர் இப்போது கச்சேரிக்குப் பின்தெரு வழியாகப் போய் வருகிறார். தானியேல் வாசலில் அந்தப் பூசணி, ஒரு பொட்டு அழுகலில்லாமல், இன்னும் உட்கார்ந்திருக்கிறது.