இறந்துபோன என் கணவரைச் சந்தேகித்த நான்கு மாதங்கள்

என் கழுத்தில் முதல் தடிப்பு வந்தபோது என் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவர் ரயில்வேயில் கார்டாக வேலை செய்தவர். தை மாதத்தில் நெருப்புக் காய்ச்சல் கண்டு பதினாறு நாள் கிடந்தார். பதினேழாம் நாள் விடியும்போது போய்விட்டார். எனக்கு வயது இருபத்தாறு. மகள் செல்லத்துக்கு நான்கு. நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். ஆனாலும் நான் ஊருக்குத் திரும்பவில்லை. கண்டிக்குக் கிட்ட, கெலிஓயாவில் ஒரு சிறிய சபைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை இருந்தது. கணவரின் மூத்த சகோதரி அன்னம் மச்சாள், கலியாணம் செய்யாதவர், எங்களோடேயே தங்கிவிட்டார். பிள்ளையை அவர் பார்த்தார். நான் படிப்பித்தேன். அழுவதற்குக்கூட எங்களுக்கு அதிக நேரம் இருக்கவில்லை.

சித்திரை மாதம் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு அக்குளிலும் இடுப்பிலும் வந்தது. சில இடங்களில் நீர் கசிந்து, காய்ந்து, செப்புக்காசு நிறத்தில் கறை விட்டது. மஞ்சள் பூசினேன், வேப்பிலை அரைத்துப் பூசினேன். ஆறவில்லை. மச்சாளுக்குத் தெரியாமல் கம்பளைப் பக்கத்தில் நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு பரிகாரியாரிடம் போனேன்.

அவர் வயதானவர், நல்லவர். விளக்கைக் கிட்டப் பிடித்து என் கழுத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, உம்முடைய மனிசனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"ரயில் கார்ட். செத்துப்போனார் ஐயா."

"வெளியூரிலே ராத் தங்கிறவரோ?"

"ஓம். கொழும்பிலேயும் நானுஓயாவிலேயும் தங்குவார்."

அவர் விளக்கைக் கீழே வைத்தார். "மேகக் கிரந்தி மாதிரித்தான் கிடக்கு. நான் நிச்சயமாய்ச் சொல்லேலாது. பிள்ளையைக் கிட்ட வைச்சுப் படுக்காதையும்" என்றார்.

மேகவியாதி. ஆண்கள் கெட்ட இடங்களுக்குப் போய் வாங்கிக்கொண்டு வருகிற வியாதி என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டுக்கு நடந்து வந்த வழி எனக்கு நினைவில்லை.

அன்றைக்கே அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். உடுப்புகளுக்கு அடியில் பாதி குறைந்த ஒரு சிறிய மருந்துப் போத்தல் இருந்தது. கொழும்புக் கடையொன்றின் சீட்டு அதில் ஒட்டியிருந்தது. அதன் மேல் இங்கிலீசில் கையால் எழுதியிருந்ததை என்னால் வாசிக்க முடியவில்லை. அப்படி ஒரு மருந்தை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்தக் கூட்டத்தில் இருக்கிற சகோதரரே, சகோதரிகளே, கணவர் இறந்தபோது நான் அழுதேன். இப்போது அழவும் முடியவில்லை. அவர் சிரித்தது, பாட்டுக்குழுவில் நின்று பாடியது, என் தலையில் கை வைத்து ஜெபித்தது எல்லாம் பொய்யாகத் தோன்றியது. யாரிடம் கேட்பேன்? பதில் சொல்ல அவர் இல்லை.

செல்லத்தை நான் தொடுவதை விட்டேன். அவளுடைய கோப்பையையும் பாயையும் வேறாக்கினேன். மச்சாளோடு படுக்கச் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளுகிற பிள்ளையைத் தள்ளி நிறுத்தினேன். ஒருநாள் அவள் கதவடியில் நின்று, "அம்மாவுக்கு என்னிலே கோவமோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். கிட்ட வா என்று சொல்லவில்லை.

ஆடி மாதம், ஒரு பின்னேரம், மச்சாள் பிள்ளையோடு ஆற்றுக்குப் போயிருந்தபோது, அவர் எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டேன். கலியாணத்துக்கு முன் எழுதியவை, நான் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எழுதியவை. ஒன்றையும் பிரித்து வாசிக்கவில்லை. வாசித்தால் நம்பிவிடுவேன் என்று பயந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சாள் பூப் பறித்து வைத்துக்கொண்டு, "கல்லறைக்குப் போவமே? நீர் வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

"உங்கட தம்பியைப் பற்றி இனி என்னோடை கதைக்காதேங்கோ" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்களும் உங்கட சொந்தக்காரரிட்டைப் போறதெண்டால் போங்கோ" என்றும் சொன்னேன்.

மச்சாள் என்னைப் பார்த்தார். பூவை மேசையில் வைத்தார். அடுத்த நாள் கண்டியில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். ரயில் புறப்படும் வரைக்கும் செல்லம் அவருடைய சீலைத் தலைப்பை விடவில்லை.

அதுவரைக்கும் நான் ஜெபிக்காமல் இருக்கவில்லை. ஆனால் என் ஜெபம் முழுவதும் முறைப்பாடுதான். மச்சாள் போன பிறகு வந்த ஞாயிறு நான் சபைக் கோவிலுக்குப் போகவில்லை. பூட்டியிருந்த வகுப்பறையைத் திறந்து, பிள்ளைகள் இருக்கிற வாங்குகளுக்கு நடுவே முழங்கால்படியிட்டேன். "ஆண்டவரே, அவரை ஒருமுறை எடுத்தீர். இரண்டாம் முறை எடுக்காதேயும். அப்படி எடுக்கத்தான் வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லி எடும். தாங்குகிறேன். என் பிள்ளையை மட்டும் தொட விடும்" என்று கேட்டேன். நெடுநேரம் அப்படியே கிடந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ரயிலில் மச்சாள் வந்து இறங்கினார். "நேற்றிலிருந்து மனம் ஒரு நிலையிலே இல்லை. பிள்ளையைப் பார்க்க வந்தனான். என்னிலே கோவமெண்டால் வாசலிலேயே நிண்டிட்டுப் போறன்" என்றார்.

என் சட்டைக் கழுத்து விலகியிருந்தது. மச்சாள் கண்டுவிட்டார்.

"இதையோ மறைச்சுக்கொண்டிருந்தனீர்?"

அப்போது சொன்னேன். பரிகாரியார் சொன்னது, போத்தல், கடிதங்களை எரித்தது, எல்லாம். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். தன் தம்பியைப் பற்றி அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? மச்சாள் வாசற்படியில் இருந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்பிடியெண்டால் அப்பிடியே இருக்கட்டும், ஞானம். அவன் என்ர தம்பி. நீரும் என்ர பிள்ளை மாதிரித்தான். வியாதியெண்டால் மருந்து செய்வம். எழும்பும்."

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று நான் அறிந்தது அந்த வாசற்படியில்தான். உண்மை இன்னும் தெரியவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை.

கண்டியில் பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த சனம் தெருவெல்லாம் நிறைந்திருந்தது. மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வாவிக் கரை வழியாக ஒரு பெண் டொக்டரின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் அம்மாவும் யாழ்ப்பாணத்தவர். எல்லாவற்றையும் கேட்டார். என்னை வெளிச்சத்தில் நிறுத்தி ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்.

"சட்டை முட்டுகிற இடத்திலே மட்டும் கிடக்கு. இந்தக் கறுப்புச் சட்டை எங்கே வாங்கினது?"

"வாங்கேல்லை டொக்டர் அம்மா. அவர் செத்த கிழமை என்ர பழைய சட்டையளைக் குடுத்துக் கறுப்புச் சாயம் போட்டனான். எங்கட சபையிலே துக்கத்துக்குக் கறுப்புத்தான் உடுப்பினம்."

"வேர்வையிலே சாயம் கரைஞ்சு தோலைச் சுட்டிருக்கு எண்டு நினைக்கிறன். ஆனால் இரத்தம் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டன். கொழும்புக்கு அனுப்புவம். அதுவரைக்கும் வெள்ளை உடும்."

போத்தலைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்து, சீட்டை வாசித்தார். "இது தொண்டைக்கு. தண்ணியிலே விட்டுக் கொப்பளிக்கிறது. உம்முடைய அவர் தொண்டை நோகுதெண்டு சொல்லேல்லையோ?"

சொன்னார். பாட்டுக்குழுவில் மேல்சுரம் ஏறவில்லை என்று போன நத்தார்ப் பண்டிகை நாட்கள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

வெள்ளை உடுத்துப் பத்து நாளில் தடிப்புகள் காய்ந்து உதிர்ந்தன. மூன்று வாரத்தில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. என் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. டொக்டர் அம்மா கடுதாசியை மேசையில் வைத்து, "பிள்ளையைத் தூக்கும்" என்றார். செல்லம் மச்சாளின் மடியில் இருந்தாள். நான் கையை நீட்டியபோது உடனே வரவில்லை. வரலாமா என்று மச்சாளின் முகத்தைப் பார்த்தாள். அதை நான் உயிரோடு இருக்கும் வரைக்கும் மறக்கமாட்டேன். பிறகு வந்தாள்.

அன்றைக்கே கல்லறைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டேன். ஆண்டவர் மன்னித்தார் என்று நம்புகிறேன். ஆனால் கடிதங்கள் திரும்பி வரவில்லை. செல்லத்துக்கு இப்போது பதினொரு வயது. "அப்பாவின்ர எழுத்து எப்பிடி இருக்கும்?" என்று கேட்பாள். வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவள் பிறந்த நாளையும் நேரத்தையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றரை வரி. அதைத்தான் காட்டுகிறேன்.

இதை ஏன் இத்தனை பேருக்கு முன்னால் சொல்லுகிறேன்? எனக்குப் பிறகு சில பெண்கள் இதே பயத்தோடு என்னிடம் வந்தார்கள். அவர்களோடு நான் டொக்டரிடம் போயிருக்கிறேன். எல்லாருக்கும் எனக்கு வந்த முடிவு வரவில்லை. ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு அந்த வியாதிதான் என்று சொன்னார்கள். அவளில் ஒரு குற்றமும் இல்லை. கிழமைக்கு ஒரு ஊசி, பல மாதம். நான் பக்கத்தில் இருந்தேன். "அக்கா, என்னைத் தொட ஒங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள். மச்சாள் என் கையைப் பிடித்த மாதிரியே அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் ஜெபித்தாள். அவளுக்கும் ஆண்டவர் பதில் கொடுத்தார். அவள் இன்றைக்குச் சுகமாக இருக்கிறாள்.

உங்களில் யாராவது உடுப்புக்குள் ஒரு பயத்தை மறைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கலாம். அன்றைக்கு நானும் அப்படித்தான் இருந்தேன். ஆண்டவரிடம் சொல்லுங்கள். அதோடு ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். சொல்ல ஒருவரும் இல்லையென்றால், கூட்டம் முடிந்த பிறகு நான் கதவடியில் நிற்பேன்.