எதையும் விடாமல் படிக்குமா?

மாதா கோயில் ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவன் நான். பல வருடப் பழக்கம். சனிக்கிழமை மாலையே பகுதியை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுவேன். ஊர்ப்பெயர், ஆள்பெயர் எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஒன்றையும் விழுங்க மாட்டேன். எங்கள் பங்குக் கோயிலில் என் குரலுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதனால்தான், என் மகள் சில மாதங்களுக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "அதுக்கென்ன, நான் படிச்சுக் காட்டுறேன்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவள், மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் விழுந்தாள். ஹெல்மெட் பிளந்திருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் அச்செழுத்தைப் பார்த்தால் வரிகள் மிதக்கின்றன என்றாள். அரைப் பக்கத்துக்குள் தலைவலி, குமட்டல். மூளை அதிர்ந்திருக்கிறது, தானாகச் சரியாகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். போன் திரையும் கூடாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் வைத்துக்கொண்டு திட்டு வாங்கியே வளர்ந்தவள் அவள். சுவர்ப்பக்கம் திரும்பிச் சும்மா படுத்துக்கிடந்ததைப் பார்க்க முடியவில்லை.

எனக்கும் அந்த நாட்களில் எதுவும் சரியாக இல்லை. போன் அடித்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். தெருவில் பிரேக் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். "அன்னைக்கு ரோட்டுல..." என்று அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, தூங்கு" என்று பேச்சை அடைத்துவிடுவேன்.

விபத்துக்கு முன் அவள் பாதி படித்து வைத்திருந்த ஒரு குடும்ப நாவலை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து ஒரு அத்தியாயம் படித்து முடித்ததும், கண்ணைத் திறக்காமலே, "இறைவா உமக்கு நன்றி" என்றாள். கோயிலில் வாசகம் முடிந்ததும் சபையார் சேர்ந்து சொல்லும் பதில் அது.

"கிண்டலா?"

"பின்ன இன்னாப்பா? சமையல்கட்டுல சண்டை போடுறாங்க, நீ தீர்க்கதரிசி மாதிரி படிக்கிற."

அவள் சிரித்தது எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, கதையில் வரும் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். என் கண் இரண்டு வரி முன்னால் ஓடியது. அங்கே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிப்பதுபோல் நிறுத்தி, பக்கங்களைத் திருப்பி, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். அங்கே வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். அதையும் தாண்டினேன். பிறகு தாண்டுவதே பழகிவிட்டது.

"ஏம்ப்பா, அந்த அண்ணன் எங்க போனான்? ஆளையே காணோம்."

"வெளியூர் போயிருக்கான்."

"வெளியூர் போனவன் போட்டோவுக்கு எதுக்கு மாலை போடுறாங்க?"

அந்த மாலை ஒரு வாக்கியத்தின் நடுவே வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு மெஷின் வாங்கிக் குடுப்பா. புக்கைப் படிச்சுச் சொல்ற மெஷின்."

"நான் இருக்கும்போது எதுக்கும்மா மெஷின்?"

"நீ படிக்கும்போது எனக்குக் கதை கேக்கல. நீ பயப்படுறதுதான் கேக்குது. கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்ப்பா, நானும் புக்கும் மட்டும். விட்டா எனக்குப் படிக்கிறதே மறந்துபோயிடும்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பீடத்தில் நின்று ஒரு எழுத்தையும் விடாதவன், சொந்த மகளின் கட்டில் அருகே ஒரு மனிதனின் சாவையே விட்டிருக்கிறேன். அவள் கேட்டதை வாங்கித் தரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாங்கித் தந்தால் அந்த அறையில் எனக்கு வேலை இருக்காது என்பதும் தெரிந்தது.

முதலில் கிடைத்தது காசில்லாமல் வந்தது. என் மனைவியின் அக்கா குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஒருவரிடம் தங்கள் பழைய மின்னூல் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். அது பிரெஞ்சைத் தேன் ஒழுகப் படித்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்ததும் வாயை மூடிக்கொண்டது. "எங்க அக்கா வீட்டுப் பிள்ளைங்க மாதிரியே இருக்குங்க" என்றாள் மனைவி.

போனிலேயே கேட்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். மகள் மாட்டேன் என்றாள். போன் கையில் இருந்தால் தோழிகளின் செய்திகளைத் திறந்துவிடுவாள், பார்த்தால் தலைவலி. சில கருவிகளில் ஒலிபெருக்கியே இல்லை, இயர்போன்தான். அவளுக்கோ இன்னும் இடது காதில் இரைச்சல் இருந்தது. சிலவற்றில் நிறுத்துவதற்கும் பின்னால் போவதற்கும் திரையைப் பார்த்துத் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே தடவி அழுத்த ஒரு பட்டன் வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. பக்கங்களைப் படம் பிடித்துப் போட்ட புத்தகமாக இருந்தால் எந்தக் கருவியும் படிக்காது, எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பதை நானே தலையை முட்டிக்கொண்டு கற்றேன். அந்த நாவலை மின்னூலாக வாங்கி, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் வயதுக்காரர். ஒரு பெரிய டேப்லெட்டை எடுத்து வைத்தார். "இதுல சினிமாவே பாக்கலாம் சார்."

"சினிமா வேணாம். தமிழ் படிக்கணும். எதையும் விடாம படிக்குமா?"

"மெஷின் எப்படி சார் விடும்? அதுக்கு இன்னா, அவசரமா?"

கடைசியில் சாம்பல் நிறத்தில், ஓரத்தில் இரண்டு பட்டன் வைத்த ஒன்றை எடுத்தார். பென்டிரைவைச் செருகினார். எந்தப் பக்கம் என்று கேட்டார். சைக்கிள் கிளம்பும் பக்கத்தைச் சொன்னேன்.

மார்க்கெட் இரைச்சலில் கேட்கவில்லை என்று சத்தத்தை முழுக்க வைத்துவிட்டார். ஒரு பெண்குரல், கல்யாணச் சேதியையும் சாவுச் சேதியையும் ஒரேமாதிரி வாசிக்கும் தபால் ஆபீஸ் குரல், படிக்க ஆரம்பித்தது. அண்ணன் சைக்கிளைத் திருப்பினான். பஸ் வந்தது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரத்தம் என்று சொன்ன கையோடு "நூற்று நாற்பத்திரண்டு" என்று பக்க எண்ணையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தாய் ஓடிவருவதைச் சொன்னது.

போன் ரிப்பேருக்கு வந்து வாசலில் நின்றிருந்த மீன்காரம்மா கூடையை இறக்கினார். "அய்யய்யோ, யாருக்கு ஆச்சு?"

"கதைம்மா" என்றார் கடைக்காரர்.

"கதையா! நெஜம்னுல்ல நெனச்சேன்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "பையன் பொழச்சானா?"

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "நிறுத்திடவா சார்?"

"வேணாம். படிக்கட்டும்."

கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைக் கடைசிவரை கேட்டேன். முடிந்ததும், "இதையே குடுங்க" என்றேன்.

வீட்டில் மகள் கருவியை வாங்கிப் பட்டன்களைத் தடவிப் பார்த்தாள். "சரி, நீ போப்பா. கதவைச் சாத்திட்டுப் போ."

கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன். கதவுக்கு அந்தப்புறம் அதே குரல். சைக்கிள், திருப்பம், பஸ். திடீரென்று நின்றது. எழுந்துவிட்டேன். கதவுவரை போய்க் கைப்பிடியைத் தொட்டேன். அதற்குள் குரல் மறுபடி வந்தது. சைக்கிள் கிளம்பும் இடத்திலிருந்தே. பின்னால் போகும் பட்டனை அழுத்தியிருக்கிறாள். நான் ஒருமுறைகூட வாசிக்க முடியாததை அவள் இரண்டாவது முறை கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் செத்துட்டான்ப்பா."

"ம்."

"டிரைவர் மேல தப்பில்ல. இவன்தான் பின்னாடி பாக்காம திரும்பிட்டான்." என் பக்கம் திரும்பினாள். "நான் பாத்தேன்ப்பா. கண்ணாடில பாத்துட்டுதான் வந்தேன். நின்னுட்டிருந்த கார்ல கதவைத் திறப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதெல்லாம் இப்ப எதுக்கு என்று என் வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சொன்னாள். செருப்பு ஒன்று ரோட்டின் அந்தப்பக்கம் கிடந்ததை, யாரோ அதை எடுத்துவந்து காலடியில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்ததை, எந்த நம்பரும் ஞாபகம் வராமல் என் நம்பர் மட்டும் வந்ததை. "செத்துட்டேன்னுதான்ப்பா நெனச்சேன். அப்புறம் ரோடு முதுகுல சுட்டுச்சு. செத்தவளுக்கு எப்படிச் சுடும்னு யோசிச்சேன்." நான் மடியிலிருந்த பேப்பரைக் கசக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

எல்லாம் சொல்லி முடித்தபின், நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"இறைவா உமக்கு நன்றி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "சிரிக்க வைக்காதப்பா, தலை வலிக்குது."