திரும்ப அழைத்துப் பார்க்கச் சொன்ன புனிதா

அந்தச் செய்தி எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து வந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பி எங்கள் ஊரான மூவாரின் பாலத்தை நெருங்கியிருந்தேன். காரை ஓரங்கட்டிவிட்டு அழைப்பை எடுத்தேன். "அண்ணே, புனிதா அக்கா தவறிட்டாங்க" என்றது ஓர் ஆண் குரல். அழுகையில் மேற்கொண்டு பேச்சு வரவில்லை. யார் என்று கேட்காமலே இணைப்பைத் துண்டித்தேன். "போன்ல யாராவது உங்கள கலங்கடிக்கிற மாதிரி ஒண்ணு சொன்னா உடனே வச்சிடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச நம்பர்ல நீங்களே திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்க." இதை எங்கள் தொழிற்சாலையில் அத்தனை பேருக்கும் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் புனிதாதான். அதனால் புனிதாவின் எண்ணுக்கே அழைத்தேன். மணி அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும், வந்தது மோசடி அழைப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய கணவர் சேவியர் எடுத்தார். நான் கேட்பதற்கு முன்பே, "உண்மைதான், ராஜு" என்றார். "காலையிலேர்ந்து எல்லாரும் இதே நம்பருக்குத்தான் திரும்பக் கூப்பிட்டுக் கேக்குறாங்க."

டெங்கிக் காய்ச்சல். தனக்குக் காய்ச்சல் விட்ட அன்றுதான் புனிதா, "இப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும், கெளம்புங்க" என்று தானே சேவியரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனையில் போய்ச் சேர்ந்திருக்கிறார். காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஆபத்தை அவர் அறிந்திருந்தார். அறிந்திருந்தது அவரைக் காப்பாற்றவில்லை.

மரச்சாமான் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் எங்கள் நிறுவனத்தில் கணினிப் பிரிவு அவர் பொறுப்பு. ஏற்றுமதிப் பிரிவு என்னுடையது. இதைப் படிக்கிறவர்களில் அவரோடு வேலை செய்தவர்கள் அந்த மதியத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போய்விட்டது. கணினி அறையில், மின்சாரம் இல்லாதபோது கணினிகளை ஓட்டும் பேட்டரிப் பெட்டி காதைத் துளைக்கும்படி அலறிக்கொண்டிருந்தது. திடீரென்று அலறல் நின்றது. "அப்பாடா" என்று நாங்கள் மூச்சுவிட்டோம். புனிதா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து ஓடினார். பேட்டரி முழுவதும் தீர்ந்துபோனதால் நின்ற சத்தம் அது. அன்றைய வேலையில் பாதிதான் மிஞ்சியது. "சத்தம் நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல, அண்ணே. யார் நிறுத்துனாங்கன்னு பாக்கணும்" என்றார். ஏன் இப்படி எப்போதும் கெட்டதையே நினைக்கிறார் இந்தப் பெண் என்று அப்போது எனக்குச் சலிப்பாக இருந்தது.

என் மைத்துனன் தேவாவை உங்களில் சிலருக்குத் தெரியும். சிகாமட் ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஆற்று வெள்ளம் கடைக்குள் புகுந்து மேசை உயரத்துக்குச் சேற்றை விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு அவன் கடையைத் திறக்கவில்லை. ஒரு நாள், தாய்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சிரித்த முகத்தோடு வந்து நின்றான். என் மனைவி மலருக்கு மனது கேட்கவில்லை. "உங்க ஆபீஸ் புனிதாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை புனிதா, தேவா, நான் மூன்று பேரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம்.

"இண்டர்வியூல என்ன கேட்டாங்க, தம்பி?" என்றார் புனிதா.

"தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணும் பேச வருமான்னு கேட்டாங்க, அக்கா. டைப்பிங் எவ்வளவு வேகம்னு கேட்டாங்க. பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு கேட்டாங்க."

"கம்ப்யூட்டர பத்தி?"

தேவா யோசித்தான். "அது ஒண்ணும் கேக்கல லா."

புனிதா தே தாரேக் தேநீர்க் கிளாசைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் கம்ப்யூட்டர பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கல. அப்ப அவனுக்கு வேண்டியது உன் வேலை இல்ல. உன் வாயும் உன் பாஸ்போர்ட்டும்தான்."

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா சாப்பிட முடியுமா, அக்கா?"

அவனைத் தடுக்க முடியாது என்று புனிதாவுக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. "போறதுன்னா, திரும்பி வர்ற வழிய இங்கேயே வச்சிட்டுப் போ" என்றார். பாஸ்போர்ட், விமானச் சீட்டு, அவனை வேலைக்கு அழைத்தவனின் படம் எல்லாவற்றையும் என் கைப்பேசிக்கு அனுப்பவைத்தார். அவன் எங்கே இருக்கிறான் என்பது மலரின் கைப்பேசியில் தெரியும்படி செய்தார். கடைசியாக ஒன்று சொன்னார். "உங்க அக்கா வீட்டுல நாய் இருக்கா?"

"இல்லியே."

"அங்க போயி ஏதாவது சரியில்லன்னா, பேசும்போது நாய பத்திக் கேளு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

தேவா வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். புனிதா சிரிக்கவில்லை.

அவன் புறப்பட்டுப் போன அதே வாரத்தில், வரைபடத்தில் அவனைக் காட்டிய புள்ளி, தாய்லாந்து எல்லையில் ஓடும் ஓர் ஆற்றைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு மறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனே அழைத்தான். மலர் ஒலிபெருக்கியில் போட்டாள். நன்றாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது, வேலை சுலபம் என்று எழுதிவைத்ததைப் படிப்பதுபோலச் சொன்னான். பிறகு கேட்டான்.

"அக்கா, நாய்க்குச் சாப்பாடு போட்டீங்களா?"

மலர் என்னைப் பார்த்தாள். எந்த நாய் என்று கேட்க அவள் வாய் திறந்ததும் கையைப் பிடித்து அழுத்தினேன். "போட்டாச்சு லா. நல்லா சாப்பிடுது" என்றேன். "சரி மாமா" என்றான். அவன் குரல் உடைந்தது. இணைப்பு அறுந்தது. அந்த மேசையில் அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

நான் சொன்ன அரை மணி நேரத்தில் புனிதா எங்கள் வீட்டில் இருந்தார். "நீங்களா கூப்பிடாதீங்க. பேஸ்புக்ல போடாதீங்க. உங்களுக்குத் தெரியும்னு அவனுங்களுக்குத் தெரியவே கூடாது." காவல் நிலையத்துக்கு எங்களோடு வந்தார். அவன் விட்டுச்சென்ற படங்களையும், புள்ளி கடைசியாக நின்ற இடத்தையும் அங்கே கொடுத்தோம். அதற்குப் பிறகு பல மாதங்கள் தேவாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தில் மலர் பாதியாக இளைத்தாள். எனக்கு எந்நேரமும் அந்தப் பேட்டரிப் பெட்டிதான் ஞாபகத்தில் நின்றது.

தேவா எங்கள் முயற்சியால் வெளியே வரவில்லை. ஆட்களை அடைத்துவைத்து மோசடி அழைப்புகள் பேசவைத்த ஒரு கட்டடத்தில் அவன் இருந்தான்; அதை அங்குள்ள படையினர் சுற்றிவளைத்து, உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். யார் மோசடிக்காரன், யார் அடைத்துவைக்கப்பட்டவன் என்று விசாரித்தபோது, அவனை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று மூவாரில் நாங்கள் கொடுத்த புகார் ஏற்கெனவே இருந்தது. அதனால் அவன் கைதியாக இல்லாமல் மீட்கப்பட்டவனாக வீடு திரும்பினான். வந்தவனின் முகத்தில் பழைய தேவா இல்லை. கைப்பேசி மணி அடித்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான்.

புனிதா அவனைத் தேற்றவில்லை. தன் பிரிவில் வேலை போட்டுக் கொடுத்தார். பிறகு ஒரு நாள், "அங்க எப்படிப் பேசுவீங்கன்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லித் தரியா?" என்று கேட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று தேவா பேசினான். வங்கியிலிருந்து பேசுவதுபோல் எப்படி ஆரம்பிப்பார்கள், எந்த இடத்தில் பயமுறுத்துவார்கள், ஏன் யோசிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்னான். பேசப் பேச அவன் குரல் மாறிக்கொண்டே போனது. பணிவான, நம்பக்கூடிய ஒரு குரல். மெருகு போடும் பகுதியில் வேலை செய்யும் ஓர் அம்மா, "நீ பேசி யாராவது ஏமாந்தாங்களா, தம்பி?" என்று கேட்டார்.

"ஏமாந்தாங்க, அம்மா" என்றான் தேவா. "உங்க வயசுல ஒருத்தங்க. என்னைய சாமின்னு கூப்பிட்டாங்க."

புனிதா எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கூட்டம் கலையும் வரை அங்கேயே நின்றார்.

அதன் பிறகு புனிதாவிடம் ஒரு பழக்கம் வந்தது. அலுவலகத்துக்கு வரும் மோசடி அழைப்புகளைத் தன்னிடம் மாற்றிவிடச் சொல்வார். எதிர்முனையில் பேசுகிறவரைத் திட்ட மாட்டார். சொல்வதைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, உங்க வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். உடனே இணைப்பு போய்விடும். "இதனால என்ன பிரயோசனம்?" என்று ஒரு முறை கேட்டேன். "அவன் காதுல விழுந்துச்சு இல்ல? அது போதும்" என்றார்.

அவருடைய அடக்கம் முடிந்த மறுவாரம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சுத்தமான தமிழில் ஓர் இளைஞன் சொன்னான். என் கணக்கு முடக்கப்படப்போகிறதாம். நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு கேட்டேன். "தம்பி, உங்க வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமா?"

இணைப்பு அறுபடவில்லை. அவன் மூச்சு கேட்டது. பின்னால் பலர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். யாரோ யாரையோ அதட்டினார்கள்.

"அண்ணே, வச்சிடுங்க" என்றான் அவன், மெல்ல. "ஒண்ணும் சொல்லாதீங்க. வச்சிடுங்க."

நான் வைக்கவில்லை. அவன்தான் வைத்தான். புனிதா இருந்திருந்தால் நேரே அவர் மேசைக்குப் போயிருப்பேன். இப்போது அந்த மேசையில் தேவா உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தெரியாத எண்கள் தொடர்ந்து வருகின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கிறேன். புனிதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வி. அதைக் கேட்டுவிட்டு, எதிர்முனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டிக்கும் வரை காத்திருக்கிறேன்.