எந்தக் கண்ணை மூடுவது?

பார்வை சோதிக்கிற வேலையில் கண்ணைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் கண்ணுக்குச் சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டுவது. ஆட்களைச் சமாளித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கண் மருத்துவமனையில் நான் படும் பாட்டில், சங்கராபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று தந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒட்டு

ஒன்றாம் வகுப்பு யாழினிக்கு இடது கண் சோம்பல் கண். எல்லாவற்றையும் வலது கண்ணே பார்த்துக்கொண்டதால் இது வேலை செய்யாமலே இருந்துவிட்டது. கண்ணாடி போட்டு, தினமும் கொஞ்ச நேரம் வலது கண்ணை ஒட்டுப்போட்டு மூடினால் இது வழிக்கு வரும். இந்த வயதை விட்டால் தேற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

அடுத்த முறை வந்தபோது ஒட்டு இடது கண்ணில் இருந்தது. அத்தனை நாளும் அப்படித்தானாம். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. அம்மா அஞ்சலை நிதானமாகக் கேட்டார்: "நல்லா தெரியற கண்ண யாராச்சும் மூடுவாங்களா சார்? நோவு கண்ணுக்குத்தான ஓய்வு வேணும்?"

சந்தைக் கண்ணாடி

ஒருவழியாக ஒட்டு வலது கண்ணுக்கு மாறியது. ஆனால் பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று யாழினி கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டாள். அது இல்லாமல் வெறும் ஒட்டு போதாது.

அதற்கடுத்த முறை அப்பா ஏழுமலை மூக்கில் ஒரு கண்ணாடியும் முட்டியில் சிராய்ப்புமாக வந்தார். சந்தையில் அவராக எடுத்து மாட்டிக்கொண்டது; கிட்டத்தில் வைத்துப் படிப்பதற்கான கண்ணாடி, தூரமெல்லாம் மங்கலாகத்தான் தெரியும். அதோடு வண்டி ஓட்டி வாய்க்காலில் இறங்கியிருக்கிறார். உங்கள் கண்ணுக்கு என்ன என்று கடுப்போடு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். பாப்பா தனியா போட்டுக்க வெக்கப்படுது. அதான் நானும் போட்டுக்கினு திரியறேன்."

கதவோரம்

சில மாதம் கழித்து, மூக்கில் கண்ணாடியும் வலது கண்ணில் ஒட்டுமாக வந்த யாழினியை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்தேன். முன்பு பெரிய எழுத்துக்கே தடுமாறியவள், மளமளவென்று கீழ் வரிசைக்கு இறங்கிவிட்டாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அஞ்சலை நம்பவில்லை. "வந்து வந்து மனப்பாடம் பண்ணிக்கினா சார்" என்றவர், கதவு வரைக்கும் போய் நின்று விரல்களை நீட்டி, "எத்தினி, சொல்லு?" என்றார்.

யாழினி இடது கண்ணால் அம்மாவையே பார்த்தாள். "ரெண்டு. நீ ஏம்மா அழுவுற?"

ஆக, ஒரு கண்ணைத் தேற்ற நாங்கள் ஒரு குடும்பத்தையே தேற்ற வேண்டியிருக்கிறது, சம்பளம் என்னவோ கண்ணுக்கு மட்டும்தான்.