சுவர் குடிக்கும் தண்ணீர்

கஜேந்திரனுக்கு மழை என்றாலே எரிச்சல். மழையை ரசிக்கிறவர்கள் ஓர் ஆடி மாதம் மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்து பார்க்கட்டும். சுவர் ஊறி, சுவரோரம் படுக்கும் மகள் பூரணிக்கு இரவெல்லாம் மூச்சு இழுப்பு.

அட்டனில் கொங்கிரீட் கற்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வுகூடத்தில் அவனுக்கு வேலை. கல்லைச் சூளையில் நன்றாகக் காயவைத்து நிறுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். ஏறிய எடைதான் கல் குடித்த தண்ணீர். அதிகம் குடிக்கிற கல் அதிக காலம் தாங்காது. தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

அன்று வந்தவை அவன் குடியிருக்கும் தோட்டத்திலேயே கட்டப்போகும் வீடுகளுக்கான கற்கள். அதில் ஒரு வீடு அவனுக்கு. கொண்டுவந்தவர் அங்கே மேற்பார்வை பார்க்கும் செல்லசாமி. அவருக்கும் ஒரு வீடு உண்டு.

"மழையில கெடந்த கல்லு தம்பி. இதப் போயி என்னத்தக் காய வைக்கிறது? அப்படியே நிறுத்துட்டுத் தண்ணியில போடுங்க."

"அப்படிச் செய்யக் கூடாதுங்க மாமா."

"வீட்டுச் சாவி சீக்கிரம் வரட்டுமேன்னு சொன்னேன்."

ஏற்கெனவே நனைந்த கல் இனி என்னத்தைக் குடிக்கும்? சோதனையில் தேறிவிடும். செய்துவிட்டுப் போனால் என்ன என்றுதான் அவனுக்கும் இருந்தது. தராசுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அலுப்போடு கல்லைத் தூக்கிச் சூளைக்குள் வைத்தான்.

காய்ந்த கல் குடித்தது, அப்படிக் குடித்தது! அத்தனை கல்லும் தள்ளுபடி. புதுக் கல் வந்து வீடு எழும்புவதற்குள் இன்னொரு மழைக்காலம் போய்விடும்.

அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி லயம் முழுக்கப் பரவியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் பீலியடியில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டு வாசலிலேயே மனைவி பிரியந்தி பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் நம்மளத்தான் திட்டுறாங்க. ஈரக் கல்லையே நிறுத்துக் குடுத்திருந்தா என்னங்க கெட்டுப்போச்சு?"

"அந்தச் சுவரும் இதே மாதிரி ஊறும் பிரியந்தி. புள்ளைக்கு அங்கயும் இழுக்கும். இது தோட்டத்துச் சுவரு, திட்டிக்கிட்டாவது கெடக்கலாம். அது நம்ம சுவரு. யாரத் திட்டுறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சுவரோரம் கிடந்த மகளின் பாயை வெடுக்கென்று இழுத்து அறையின் நடுவில் போட்டாள்.

"அப்ப சாவி வர்ற வரைக்கும் சுவரோரமா நீங்க படுங்க."

கஜேந்திரன் தன் பாயை எடுத்து அங்கே விரித்தான்.