இரண்டு பூட்டுப் போட்ட கோயில்

துணை ஆயராக, அதாவது பிஷப்புக்கு அடுத்தவராக, ஆன முதல் வருடம் என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. அதற்குமுன் சங்ககிரியில் பங்குச் சாமியாராக இருந்தேன். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே கோயில். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த டிரைவர் எந்த ஊருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அஸ்தம்பட்டி ஆயர் இல்லத்துக்கு வந்தபின் எனக்கென்று பங்கும் இல்லை, ஆட்களும் இல்லை. ஞாயிறுதோறும் புது ஊர். பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் பூசும் உறுதிபூசுதல் சடங்கு, மாலை, மேளம், கோழிக் குழம்பு, மறுபடியும் கார். முடிவெடுப்பவர் ஆயர். அவர் இல்லாத இடத்தில் அவர் சொன்னதைச் சொல்பவன் நான். காலைப் பூசை முடிந்ததும் ஏற்காடு ரோட்டில் காரணமில்லாமல் நடப்பேன். பேசும்போதெல்லாம் விரலில் ஆயர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறேன் என்று என் டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஆயர் ரோமுக்குப் போயிருந்தபோது ஜேடர்பாளையம் பக்கத்துப் பங்குச் சாமியார் போன் செய்தார். ஆற்றோரக் கிளைக்கோயில் ஒன்றில் திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று இரண்டு தெருக்காரர்களுக்குள் சண்டை. ஆளுக்கொரு பூட்டைக் கதவில் போட்டிருந்தார்கள். இந்த நேரத்தில் அந்த ஊர் லாரி டிரைவர் ஒருவர் வடக்கே போன இடத்தில் மாரடைப்பில் இறந்து, உடல் வந்துவிட்டது.

ஆயரைக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. காரில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் யாரைக் கேட்டு என்ன செய்வது என்று மனம் அலைந்தது.

கோயில் வாசலில் கண்ணாடிப் பெட்டி. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம்.

"மொதல்ல அவிங்க பூட்ட எடுக்கட்டுங்க சாமி, நாங்களும் எடுத்தர்றோம்" என்றார் ஒரு தெருவின் பெரியவர். அடுத்த தெருக்காரர் அதையே திருப்பிச் சொன்னார். தேர் தங்கள் தெருவுக்கே முதலில் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இருவருக்கும் கணக்கு.

இறந்தவரின் மனைவி எழுந்து வந்தார். "எங்கூட்டுக்காரரு இத்தன தூரம் வண்டியிலயே வந்தாருங்க சாமி. இன்னமும் வாசல்லயே கெடக்கோணுமுங்களா?"

"ஒரு மேசை கொண்டு வாங்க" என்றேன்.

பூட்டிய கதவுக்கு முன்னாலேயே பூசை வைத்தேன். காற்றில் மேசைத்துணி பறந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லறைக்குத் தூக்கும்போது இரண்டு தெரு ஆண்களும் தோள் கொடுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பூட்டுகள் அப்படியே தொங்கின.

ஆயர் வந்ததும் கூப்பிட்டார். "நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமே?"

"அந்த அம்மாவை எப்படிப் பொறுக்கச் சொல்றது, ஆண்டவரே?" என்றேன். ஆயரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்ப அந்தச் சண்டையையும் நீங்களே தீர்த்துட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பல மாதங்கள் ஆயின. வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டு முறை திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைசியில், தேர் வருடத்துக்கு ஒரு தெருவாக முதலில் போகும் என்று ஒப்புக்கொண்டு, இரண்டு பூட்டுகளையும் எடுத்தார்கள்.

இப்போது எந்த ஊருக்கு உறுதிபூசுதல் என்றாலும் முந்தின நாளே போய்த் தங்கி, நோயில் படுத்திருக்கிறவர்களைப் பார்த்துவிடுகிறேன். ஆனாலும் விடியற்காலை கண் விழித்ததும் இது எந்த ஊர் என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.